ஏறின கியரில் இறங்கும் ரயில்

கொடைக்கானலுக்குப் பக்கத்துச் செண்பகனூரில் ஆக்ஸிலியாவைத் தெரியுமா என்று கேட்டால், "எந்த ஆக்ஸிலியா, அந்த ரயில் கேம் ஆடுற பொம்பளையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண் நாள் முழுக்கக் கேரம் போர்டின் முன்னால் குந்தியிருந்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. கிரிக்கெட் பார்க்க வேலைக்கு மட்டம் போட்டால் அதற்குப் பெயர் ஆர்வம். ஒரு பெண் தன் சோலியை ஒழுங்காக முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தண்டவாளம் போட்டால் மட்டும் அதற்குப் பெயர் கிறுக்கு. இந்த நியாயத்தை எழுதி வைத்தவர் யார் என்று ஆக்ஸிலியா பலரிடம் கேட்டிருக்கிறாள். பதில் வந்ததில்லை. அவளும் ஆட்டத்தை நிறுத்தியதில்லை.

சாலையோரத்துக் காட்டேஜ் ஒன்றில் வரவேற்பு மேசை அவளுடையது. பின்னால் சாவிகள் தொங்கும் பலகை, பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஆள் வந்தால் மட்டும் போட வேண்டிய ஒரு ஹீட்டர். சீசன் மாதங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேகம் இறங்கி வந்து வாசலை மூடிவிடும். நான்கு மணி வரைக்கும் ஒரு ஆள் எட்டிப் பார்க்காது. அந்த நேரத்தில்தான் அவள் ரயில் ஓடும். மதுரையில் இருக்கும் முதலாளிக்கு இது தெரியும். புக்கிங் பிசகாத வரையில் அவர் கேட்பதில்லை. புக்கிங் இதுவரை பிசகியதில்லை.

அந்த விளையாட்டு இலவசமானது. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் கூடி உருவாக்கியது. கொஞ்சம் கடன் பணம், ஒரு நிலப்படம், அதில் ஊர்கள், தோட்டங்கள், ஆலைகள். தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, ரயில் வாங்கி, ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்க்க வேண்டும். தண்டவாளத்தில் பல தரம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேக எல்லை, போடுவதற்கு ஒரு விலை, வருடா வருடம் பராமரிக்க ஒரு செலவு. விளையாட்டின் வருடம் சில நிமிடங்களில் ஓடிவிடும்.

இவற்றில் ஆக்ஸிலியாவை இழுத்துப் பிடித்தது ரயில் அல்ல. அந்த விலைகளும் செலவுகளும் ஒரு சாதாரணக் கோப்பில் எழுதப்பட்டுக் கிடந்தன. யாரும் திறந்து பார்க்கலாம். யாரும் திருத்தலாம். முதன்முதலாக அதைத் திறந்த மதியம் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணை ஒரு மனிதர் எழுதியிருக்கிறார், எழுதியதை மாற்றலாம் என்பதை அவள் வாழ்க்கையில் யாரும் அதுவரை காட்டியதில்லை.

அந்தச் சொல்லிடம் அவளுக்குப் பழைய பகை உண்டு.

ஆக்ஸிலியா கீழ்மலையில் இருக்கும் பெரும்பாறைக்காரி. அம்மா கித்தேரியம்மாள் எஸ்டேட்டில் காப்பிப்பழம் எடுத்தவள். ஆக்ஸிலியா கீழே போய்க் கல்லூரியில் கணிதம் படித்தாள். விடிகாலையில் வெள்ளனே கிளம்பும் ஒரு பேருந்துதான் அவளையும் இன்னும் நாலைந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். இரண்டாம் வருடம் பாதியில் அந்தப் பேருந்து நின்றது. வழித்தடம் நட்டத்தில் ஓடுகிறது என்றார்கள். வசதி இருந்தவர்கள் விடுதியில் சேர்ந்தார்கள். இல்லாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆக்ஸிலியா வீட்டுக்குப் போனவள்.

"ஆண்டவர் சித்தம் இப்படி இருக்கு, நாம என்னத்தப் பண்ண?" என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். பேருந்தை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் ஆண்டவர் அல்ல, ஒரு அதிகாரி என்று அந்த வயதிலேயே அவள் சொல்லிவிட்டாள். நேரே பணிமனைக்குப் போய், அந்த நட்டத்தை எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்றும் கேட்டாள். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர் டீ சாப்பிடப் போய்விட்டார். இருபது வருடமாக அந்தக் கேள்வி அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

ரயில் விளையாட்டில் தமிழ்க் குழு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ஞானவேல், கோவைக்காரர், பெங்களூரில் மென்பொருள் வேலை. பழனி மலையடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் ஜெயமுருகன் பக்தர் கூட்டம் இல்லாத நாட்களில் ஆடுவான். திண்டுக்கல்லில் இருந்த தமிழ்மதி ரயில் எஞ்சின்களுக்குப் படம் வரைந்து கொடுப்பாள். இப்படி முப்பது பேருக்கு மேல். திண்டுக்கல், பழனி, கொடைக்கானல் எல்லாம் அதனதன் உயரத்தோடு இருக்கும் ஒரு நிலப்படத்தில் எல்லோரும் ஒன்றாக ஆடினார்கள்.

"நீங்க மலைக்காரங்க மேடம். மலைக்குன்னு ஒரு தடம் செஞ்சு குடுங்க" என்று கேட்டவரே ஞானவேல்தான். ஆக்ஸிலியா செய்து கொடுத்தாள். வேகம் குறைவு, போடுவதற்கு விலை மிகக் குறைவு. வளைந்து வளைந்து எந்தச் சரிவிலும் ஏறும். மலைத்தடம் என்று பெயர் வைத்தாள்.

ஒருவரும் போடவில்லை. மாதக்கணக்கில் பார்த்தாள், ஒருவரும் போடவில்லை. கொடைக்கானலுக்குப் போக நினைத்தவர்கள் எல்லாம் மலையைக் குடைந்து, நேராக ஒரு சுரங்கம் போட்டு, அதிவிரைவுத் தடத்தில் ரயிலை விட்டார்கள். வழியில் இருந்த பெரும்பாறையோ கொடைக்கானலைத் தாண்டியிருந்த பூம்பாறையோ யார் கண்ணிலும் படவில்லை. "யூஸே ஆகலைங்களே மேடம். பேசாம எடுத்துரலாமா?" என்று ஞானவேல் மெல்லக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. ஏன் யூஸ் ஆகலைன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

பார்த்தாள். விடை கோப்பிலேயே இருந்தது. பராமரிப்புச் செலவு எல்லாத் தடத்துக்கும் ஒரே அளவு. நீளத்துக்குத்தான் காசு, வேகத்துக்கு ஒரு பைசாகூட இல்லை. மலையைச் சுற்றி ஏறும் தடம் நீளமானது, ஆகவே அது வருடா வருடம் அதிகம் கட்ட வேண்டும். மலையைக் குடைந்து போகும் தடம் குட்டையானது, ஆகவே அது குறைவாகக் கட்டினால் போதும். பறக்கிற ரயில் தண்டவாளத்தை எவ்வளவு அடித்துத் தேய்த்தாலும் அந்தத் தேய்மானம் யார் கணக்கிலும் ஏறாது. முதலில் ஒருமுறை கொட்டிக் கொடுக்கக் கையில் பணம் இருப்பவனுக்கு ஆயுள் முழுக்கச் சலுகை. பணம் இல்லாமல் சுற்றிப் போகிறவனுக்கு ஆயுள் முழுக்க அபராதம்.

இதைச் சதி என்று அவள் நினைக்கவில்லை. சதியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துத் திட்டலாம். சமவெளியில் உட்கார்ந்து யாரோ ஒருவர், ஒரு தடம் இன்னொரு தடத்தைப் போலத்தானே என்று, யோசிக்காமல் எழுதிய ஒற்றை எண். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ஒற்றை எண்ணில் ஒரு மலை முழுக்க நட்டக் கணக்கில் போய் விழுந்துவிட்டது. அநியாயத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது. கெட்டவர்கள் கூடத் தேவையில்லை, யோசிக்காதவர்கள் போதும்.

ஆக்ஸிலியா புதிய கணக்கை எழுதினாள். வேகம் இரண்டு மடங்கானால் பராமரிப்பு நாலு மடங்கு. போடும் விலையையும் அதற்கேற்ப மாற்றினாள். மலைத்தடத்தை இனாமாக்கிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தாள். மலிவு கூடினால் எல்லோரும் அதையே போட்டு சமவெளியையும் ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வேகம் வேண்டிய இடத்தில் வேகம் லாபம் தர வேண்டும். வேண்டாத இடத்தில் அது கையைக் கடிக்க வேண்டும். எண்களை ஏற்றுவாள், ஓட்டிப் பார்ப்பாள், இறக்குவாள், மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். நடுவில் யாராவது வந்து, "மேடம், பில்லர் ராக்ஸ்ல மிஸ்ட் இருக்குமா?" என்பார்கள். "இங்க நின்னு பாத்தா தெரியாதுங்க, அங்க போனாத்தான் தெரியும்" என்று சாவியைக் கொடுத்து அனுப்புவாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

அவள் கணவன் சைமன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத மதியங்களில் டீயோடு வந்து வரவேற்பு மேசையில் சாய்ந்துகொள்வான். அப்படி ஒரு நாள் அவள் கேட்டாள்.

"ஏங்க, எறங்கும்போது எவ்வளவு வேகத்துல எறங்குவீங்க?"

"எங்க?"

"பொதுவாக் கேக்குறேன்."

"பொதுவா எறங்க முடியாது ஆக்ஸி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு குணம். ஒண்ணே ஒண்ணுதான் சட்டம். ஏறின கியர்லதான் எறங்கணும். எறக்கம்தானேன்னு நியூட்ரல்ல விட்டான்னு வையி, அவன் நேரா மதுரைப் பெரியாஸ்பத்திரியிலதான் போயி நிப்பான். எதுக்குக் கேக்குற? உன் ரயிலுக்கா?"

"ஆமா. இந்த கேம்ல எறக்கத்துல வண்டி சும்மா பறக்குது. ஒருத்தனும் பிரேக் போட மாட்டேங்குறான்."

"பிரேக் போடாத ஊருல நான் வண்டி ஓட்ட மாட்டேன்பா" என்று சைமன் டீயைக் குடித்து முடித்தான்.

ஆக்ஸிலியா அதையும் சட்டமாக எழுதினாள். சரிவில் எந்த வேகத்தில் ரயில் ஏறுகிறதோ, அதே வேகத்தில்தான் இறங்க வேண்டும். எந்தச் சரிவாக இருந்தாலும். எந்தத் தடமாக இருந்தாலும்.

குழு ஒப்புக்கொண்டு, அவள் கணக்கும் சட்டமும் சேர்ந்த புதிய தொகுப்பு ஒரு சனிக்கிழமை காலையில் ஏறியது. மதியமே ஜெயமுருகனிடமிருந்து போன்.

"அக்கா, என்னக்கா இது? என் பழனி எக்ஸ்பிரஸ் மேம்பாலத்துல தவழ்ந்து எறங்குது! பின்னாடி வரிசையா வண்டி நிக்குது. காவடி எடுத்தவன் நடந்தே என் ரயில முந்திருவான் போலருக்கே."

"என்னடா சொல்ற?"

"ராகு காலத்துல அப்டேட் போட்டீங்களோ?"

"ராகுவுக்குக் கோடிங் தெரியாது தம்பி. தப்பு நான் பண்ணதாத்தான் இருக்கும். இரு, பாக்குறேன்."

திரையைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சமவெளியில் மலை இல்லை, ஆனால் மேம்பாலம் இருக்கிறது. ஒரு பாதை இன்னொரு பாதையைத் தாண்டும் இடத்தில் எல்லாம் தடம் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கும். அந்தச் சின்ன இறக்கம் ஒவ்வொன்றிலும் நாட்டின் அத்தனை எக்ஸ்பிரஸ்களும் கொண்டை ஊசி வளைவில் இறங்கும் பால் வண்டியைப் போலப் பம்மிப் பம்மி இறங்கிக்கொண்டிருந்தன. திண்டுக்கல் சந்திப்பில் ரயிலுக்குப் பின்னால் ரயில் முட்டிக்கொண்டு நின்றது.

மலையில் பிறந்து மலையிலேயே வாழ்கிறவளால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது. இறக்கம் என்றால் ஆக்ஸிலியாவுக்கு ஒரே பொருள்தான்: ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மூடுபனி. தொடங்கும்போதே முடிவு கண்ணுக்குத் தெரியும் இறக்கம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டாள். அந்தச் சட்டம் இனி மலைத்தடத்துக்கு மட்டும். குழுவில் வெளிப்படையாக எழுதினாள்: "மேம்பாலத்தை யோசிக்காமல் விட்டது என் தவறு. சரி செய்துவிட்டேன். மன்னிக்கவும்." சுற்றி வளைக்கவில்லை, யார் தலையிலும் போடவில்லை.

அது அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் புதிய பராமரிப்புக் கணக்கு வேறு சில பேருக்கு ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் ஏறாத ஊருக்கெல்லாம் அதிவிரைவுத் தடம் போட்டு வைத்திருந்தவர்கள் வருடக் கடைசியில் செலவைப் பார்த்துக் கத்தினார்கள். அவர்களுக்கு மேம்பாலம் நல்ல சாக்காகக் கிடைத்தது. மேம்பாலமே தெரியாதவள் எழுதிய கணக்கு எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்டார்கள். மொத்தமாகத் தூக்கிவிட்டுப் பழைய எண்ணுக்கே போகலாம் என்றார்கள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேசி ஓட்டு எடுப்பது என்று முடிவானது.

அதற்கு முந்தைய நாள் ஞானவேல் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலில் அக்கறை இருந்தது.

"மேடம், உங்க மனசு நோகக் கூடாதுங்க. மலைத்தடத்த எடுக்கவே போறதில்லைங்க. பழைய கணக்குக்குப் போயிரலாம், மலைத்தடத்துக்கு மட்டும் வெலையே இல்லாம வச்சுக்கலாம். ஸ்கோர்ல சேராது. ஆசைப்பட்டவங்க ஒரு குட்டி ரயில் ஓட்டிக்கட்டும். பாக்க அழகா இருக்குமுங்க."

பூம்பாறைக்கு மேலே சாலை வளைவில் கார்கள் நிற்பது ஆக்ஸிலியாவின் நினைவுக்கு வந்தது. இறங்குவார்கள், கீழே படிப்படியாக இருக்கும் பூண்டு வயல்களைப் பார்ப்பார்கள், அழகா இருக்கு என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பூண்டு மூட்டை எப்படிக் கீழே போய்ச் சேருகிறது என்று ஒருவரும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"அழகுக்கு வேண்டாங்க" என்றாள். "வெலை போடுங்க. சரியான வெலை போடுங்க. இனாமாக் குடுத்து ஓரத்துல உக்கார வைக்கிறதுக்கு, எடுத்துரலாம்."

"நான் நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்."

"தெரியும். அதான் இன்னும் கோவம் வருது."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. வார விருந்தினர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஆக்ஸிலியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. சென்னையிலிருந்து இராமலிங்கம், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, முதலில் பேசினார். அவருடைய சுரங்க ரயில்தான் குழுவிலேயே அதிகம் சம்பாதித்தது, புதிய கணக்கு வரும் வரை.

"ஏம்மா, கேம்னா என்ன? கெட்டிக்காரன் ஜெயிக்கணும். வேகமாப் போறவனுக்கு ஃபைன் போட்டு, மெதுவாப் போறவனத் தூக்கி விடுறதுக்குப் பேரு கேமா? இதுலயும் ரிசர்வேஷன் கொண்டாந்துட்டீங்களா?"

யாரோ சிரித்தார்கள். இன்னும் இருவர் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆக்ஸிலியாவின் காது சூடாகியது. குரல் சூடாகவில்லை.

"ரிசர்வேஷன்னு சொல்லிச் சிரிக்கிறீங்க சார். அது இருந்ததாலதான் காப்பிப்பழம் எடுத்தவ மக காலேஜ் வாசல மிதிச்சா. அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அப்புறம், இங்க சலுகை கேக்குறது நான் இல்ல. இவ்வளவு நாளாச் சலுகையில ஓடுனது உங்க தடம். உங்க ரயில் தண்டவாளத்த அடிச்சுத் தேய்க்குது, செலவு மட்டும் மாட்டுவண்டிக்குச் சமமாக் கட்டுறீங்க. வேகத்துக்குக் காசு கட்டுங்கன்னுதான சொல்றேன்? கட்டிட்டு ஜெயிச்சுக் காட்டுங்க. கெட்டிக்காரன்னு நானே கைதட்டுறேன்."

"மேம்பாலத்தையே மறந்தவங்க..."

"மறந்தேன். தப்புன்னு சொன்னேன், திருத்துனேன். உங்க கணக்குல ஒரு மலையையே மறந்திருக்கு. அத இதுவரைக்கும் ஒருத்தர் தப்புன்னு சொல்லல."

அப்போது ஒரு விருந்தினர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "மேடம், ஹாட் வாட்டர் எப்ப வரும்?"

"பைப்பத் திறந்து கொஞ்ச நேரம் விடுங்க சார், வரும்" என்றாள் ஆக்ஸிலியா. அது குழு முழுவதற்கும் கேட்டது. ஜெயமுருகன் சத்தமாகச் சிரித்துவிட்டான். "அக்கா, எங்களுக்கா அவருக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்டா."

ஜெயமுருகன் பேசினான். தன் எக்ஸ்பிரஸுக்கும் புதிய கணக்கில் செலவு கூடியிருக்கிறது, ஆனால் கூட்டம் வரும் தடத்தில் அது தாங்குகிறது, தாங்காத தடத்தைத் தரம் இறக்கியாயிற்று, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்றான். தமிழ்மதி, புதிய கணக்கு வந்த பிறகுதான் எந்தத் தடம் போடுவது என்று தான் யோசிக்கவே தொடங்கியதாகச் சொன்னாள். அதற்கு முன் யோசிக்க என்ன இருந்தது, பணம் வந்தால் பெரியதைப் போட வேண்டியதுதானே?

ஓட்டு எடுத்தார்கள். ஆக்ஸிலியா பெரிய வித்தியாசத்தில் தோற்றாள். பழைய எண் திரும்ப வந்தது. மலைத்தடத்துக்கு அந்த இனாம் ஓரத்தை மறுபடி காட்டினார் ஞானவேல்.

"வேண்டாம். மலைத்தடத்த எடுத்துருங்க" என்றாள் அவள். "நான் எழுதுன கணக்கு திறந்த உரிமத்துல இருக்கு. யாரும் எடுத்துக்கலாம். நானும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"தனியாவா? யாரு மேடம் வருவாங்க?"

"வர்றவங்க வரட்டும்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பணிமனையில் ஒருவர் டீ சாப்பிடப் போன அன்றைக்கும் இப்படித்தான் தோற்று வந்தாள். அன்றைக்கு அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. இன்றைக்கு இருக்கிறது.

வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்த சைமன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"அப்ப வெரசா வா, வீட்டுக்குப் போயி மீன் வாங்கி ஆக்குவோம். தோத்தவங்களுக்குப் பசிக்கும்."

"ஏங்க, வீட்டுல அந்தப் பழைய லேப்டாப் கெடக்குல்ல?"

"கெடக்கு. சாஞ்சு கெடக்கு. ஏன்?"

"அதுல ஒரு சர்வர் வைக்கப் போறேன். என் கணக்குல ரயில் அதுல ஓடும்."

"கரண்டு பில்லு நான் கட்டுறேன். பதிலுக்கு உன் ரயிலுக்கு என் பேரு வையி."

"ஏறின கியர்ல எறங்குற வண்டிக்கு வைக்கிறேன்."

மழை வந்தால் செண்பகனூரில் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் ஆக்ஸிலியாவின் நாடும் அணைந்துவிடும். முதல் சில நாட்களுக்கு அந்த நாட்டில் இரண்டே பேர், அவளும் ஜெயமுருகனும். பிறகு தமிழ்மதி ஒரு குட்டி டீசல் எஞ்சின் படத்தோடு வந்தாள், அதன் மூக்கில் சைமன் என்று எழுதியிருந்தது. பிறகு இன்னும் சிலர். அவர்களில் இரண்டு பேர், இங்கே எல்லாம் மெதுவாகப் போகிறது என்று சலித்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். ஆக்ஸிலியா தடுக்கவில்லை. வேகம் பிடித்தவர்கள் வேகமாகப் போகட்டும்.

அவள் போட்ட முதல் பாதை மலையடிவாரத்திலிருந்து பெரும்பாறை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறியது. ஒவ்வொரு ஊரிலும் நிலையம். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் இறங்கும், ஆட்கள் ஏறுவார்கள். வெள்ளனே கிளம்பும் முதல் வண்டியை அவள் பெரும்பாறையிலிருந்து கீழ்நோக்கி விட்டாள். அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்து நிறுத்துகிற வழக்கம் அந்த நாட்டில் கிடையாது. பாதை பெரிய லாபம் காட்டவில்லை. தன் செலவைத் தானே கட்டிக்கொண்டது. அதுதான் அவள் கேட்டதும். யாருடைய இரக்கமும் இல்லாமல், சரியான விலையில், ஒரு மலைப் பாதை தன் காலில் நிற்க முடியும் என்று அவள் சொன்னாள். நின்றது.

மழைக்காலம் முடிந்த ஒரு மதியம், சர்வரில் ஒரு பெயர் எரிந்தது. ஞானவேல். ஒளிந்து வரவில்லை, சொந்தப் பெயரில் வந்தார்.

"சும்மா பாக்க வந்தேனுங்க மேடம். ஆடலாமுங்களா?"

"தாராளமா. எந்தத் தடம் வேணும்னாலும் போடுங்க."

"அதிவிரைவுத் தடம்கூடவா?"

"போடுங்க. இங்க எதுக்கும் தடை இல்ல. செலவு மட்டும் நீங்களே கட்டணும்."

அவர் பழக்கம் விடவில்லை. மலையைக் குடைந்து கொடைக்கானலுக்கு நேராக ஒரு சுரங்கம் போட்டார். வருடக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"கணக்குல ஏதோ தப்பு இருக்குங்க. பராமரிப்பே வருமானத்துல பாதியைத் தின்னுருது."

"தப்பு இல்லைங்க. வேகத்தோட வெலை அது. அந்தக் குழுவுல உங்களுக்கு யாரும் பில்லு குடுக்கல, அவ்வளவுதான்."

சுரங்கத்தை அவர் மூடவில்லை; அவ்வளவு கொட்டிய பிறகு யார் மூடுவார்கள்? வண்டியை நிரப்ப ஆள் வேண்டும், ஆட்களோ வழியில் இருந்த ஊர்களில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஊர்களில் அவர் ரயில் நிற்க வழியில்லை, அவை எல்லாம் சுரங்கத்துக்கு மேலே இருந்தன.

"மேடம், ஒரு உதவிங்க" என்று எழுதினார். "பெரும்பாறை ஆளுங்கள உங்க வண்டியில கூட்டியாந்து அடிவாரத்துல என் ஸ்டேஷன்ல எறக்கி விட முடியுங்களா? உங்க வண்டி அங்க நிக்குமா?"

திரையில், தமிழ்மதி வரைந்த அந்தக் குட்டி எஞ்சின் வளைவில் திரும்பி, ஏறின கியரிலேயே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலியா அதைப் பார்த்துக்கொண்டே பதிலைத் தட்டினாள்.

"எங்க வண்டி எல்லா ஊர்லயும் நிக்கும்ங்க."